பழுப்பேறிய உட்கரு: பெண்களின் புற்றுநோய்ப் போக்கைத் திசு சொல்லும் விதம்

கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து தீவு இருக்கிறது. அங்கே செயின்ட் ஜான்ஸ் நகரத்தின் பொது மருத்துவமனையில் 2005-ஆம் ஆண்டு ஒரு புற்றுநோய் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு லோபுலர் வகை மார்பகப் புற்றுநோய். இந்த வகைக் கட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும். ஆனால் 2002-ல் வந்த ஆய்வக அறிக்கை ‘இல்லை’ என்றது. மெழுகில் பதித்து வைத்திருந்த அதே திசுவை, அப்போது புதிதாக வந்திருந்த தானியங்கிக் கருவியில் மறுபடி சோதித்தார்கள். ‘இருக்கிறது’ என்று பதில் வந்தது. இன்னும் சில பெண்களின் திசுக்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் பல ‘இல்லை’கள் ‘ஆம்’ ஆக மாறின.

1997 முதல் 2005 வரை அந்த ஆய்வகம் ‘இல்லை’ என்று சொன்ன திசுக்கள் டொராண்டோவின் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு மறுசோதனைக்குப் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் திசுக்கள் மறுபடி சோதிக்கப்பட்டன. அவர்களில் 380-க்கும் மேற்பட்டோருக்குத் தவறான முடிவு கொடுக்கப்பட்டிருந்தது. சோதனை நிலையாக இல்லை என்று அங்கிருந்த நோயியல் நிபுணர் ஒருவர் 2003-லேயே எழுத்தில் எச்சரித்திருந்தார். நடந்தது பத்திரிகை வழியாகத்தான் மக்களுக்கு முதலில் தெரிந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, 2009 மார்ச்சில் அறிக்கை தந்தது.

அந்தப் பெண்கள் இழந்தது டாமாக்சிஃபென் என்னும் மாத்திரை. ஏற்பி ‘இல்லை’ என்றால் அந்த மாத்திரையை எழுத மாட்டார்கள், ஏனென்றால் பயன் இருக்காது. ‘இருக்கிறது’ என்றால் அது உயிர் காக்கும் மருந்து.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி போன்ற திசுக் குறிப்பான்கள் என்றதும் புதிய மரபணுக்கள், புதிய கருவிகள், செயற்கை நுண்ணறிவு என்று பேச்சு போய்விடுகிறது. பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இதுவரை அதிக உயிர்களைக் காத்தவை பழைய, எளிய, மலிவான ஓரிரு குறிப்பான்கள்தான். அவற்றை ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒழுங்காகச் செய்து முடிப்பது புதியதைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

கதை 1896-ல் கிளாஸ்கோவில் தொடங்குகிறது. ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களுக்குச் சூலகங்களை அகற்றினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்குக் கரையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால், அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெண்கள் சூலகத்தையும், பிறகு அட்ரீனல் சுரப்பிகளையும் குருட்டாம்போக்கில் இழந்தார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர் சிகாகோவின் எல்வுட் ஜென்சன். 1950-களின் இறுதியில், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்து அது உடலில் எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தார். கருப்பை போன்ற சில திசுக்கள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன, மற்றவை விட்டுவிட்டன. பிடித்து வைக்கும் அந்தப் புரதம்தான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. சில மார்பகக் கட்டிகளில் அது நிறைய இருக்கிறது, சிலவற்றில் இல்லை என்று அடுத்து தெரிந்தது. இல்லாதவர்களுக்குச் சுரப்பிகளை அகற்றிப் பயனில்லை என்று 1970-களின் தொடக்கத்தில் அவரால் சொல்ல முடிந்தது. வீண் அறுவை சிகிச்சையிலிருந்து பெண்களைக் காத்ததே இந்தக் குறிப்பானின் முதல் உதவி.

டாமாக்சிஃபென் அதே காலத்தில் வந்தது. இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மூலக்கூறு அது. கருத்தடை மருந்துத் தேடலில் பிறந்து, மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சோதிக்கப்பட்டது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளின் தரவை ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் ஒன்றாகச் சேர்த்து 2011-ல் வெளியிட்டார்கள். ஏற்பி உள்ள பெண்கள் ஐந்து ஆண்டு அந்த மாத்திரையைச் சாப்பிட்டால், முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவர்களுக்குப் பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்தியாவில் இந்த மாத்திரை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஒரு குறிப்பான் இரண்டு வகைச் செய்தியைச் சொல்லலாம். நோய் தன் போக்கில் எப்படிப் போகும் என்பது ஒன்று. குறிப்பிட்ட மருந்து கேட்குமா, கேட்காதா என்பது இன்னொன்று. முதல் செய்தி மட்டும் இருந்தால் பெண்ணுக்குப் பயம்தான் மிஞ்சும். இரண்டாவது சேரும்போதுதான் சிகிச்சை மாறுகிறது. இந்த வேறுபாட்டை ஹெர்-2 அளவுக்குத் தெளிவாகக் காட்டிய குறிப்பான் வேறில்லை.

1987-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் ஹெர்-2 மரபணு பல மடங்கு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, சீக்கிரம் இறந்தார்கள். இன்றைய கணக்கில் இந்தப் பங்கு 15 முதல் 20 சதவீதம். பத்தாண்டுக்கும் மேலாக ‘ஹெர்-2 பாசிட்டிவ்’ என்றால் கெட்ட சேதிதான். 1998-ல் அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005-ல் வந்த ஆய்வுகள், அறுவை சிகிச்சைக்குப் பின் இதைச் சேர்த்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று காட்டின. கட்டியின் உயிரியல் அப்படியே இருக்க, குறிப்பானின் பொருள் மாறிவிட்டது. நோயின் போக்கைக் கணிக்கிறோம் என்று சொல்லும்போது, கையில் என்ன மருந்து இருக்கிறது என்பதும் அந்தக் கணிப்புக்குள் வந்துவிடுகிறது. பயோகான் நிறுவனத்தின் டிராஸ்டுசுமாப் 2014-ல் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகுதான், அந்தக் கணிப்பு இங்கே பலருக்கு மாறியது. மருந்து வாங்க முடியாத வீட்டில் ஹெர்-2 இன்னும் 1987-ன் பொருளையே தாங்கி நிற்கிறது.

இனி ஆய்வகத்துக்குள் போவோம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை முதலில் அளந்த முறைக்கு, வெட்டியெடுத்த உடனே உறையவைத்த திசு நிறையத் தேவைப்பட்டது. பெரிய மையங்களால் மட்டுமே அதைச் செய்ய முடிந்தது. இன்று எல்லா இடத்திலும் செய்வது எதிர்ப்புரதச் சாயமேற்றும் முறை. திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுகிறார்கள். ஏற்பியைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை அதன்மேல் விடுகிறார்கள். ஏற்பி இருக்கும் உட்கருக்கள் பழுப்பு நிறமாகும், இல்லாதவை எதிர்ச்சாயத்தால் நீலமாக நிற்கும். நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் எத்தனை பங்கு பழுப்பு, எவ்வளவு அழுத்தமான பழுப்பு என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்.

பெரும்பாலும் கெடுவது ஃபார்மலின் கட்டத்தில். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, திசு அழுகாமல் நிறுத்துகிறது. அந்தப் பிணைப்பு எதிர்ப்புரதம் போய் ஒட்டும் இடத்தையும் மூடிவிடும். 1991-ல் ஷான்-ரோங் ஷி என்ற ஆய்வாளர், ஸ்லைடை மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கினால் மூடிய இடங்கள் திறந்துகொள்கின்றன என்று கண்டார். அதன் பிறகுதான் இந்தச் சோதனை சாதாரண ஆய்வகங்களுக்கும் வந்தது. சூடு குறைந்தால் இடம் திறக்காது. மிஞ்சினால் திசுவே சிதையும்.

அதற்கு முந்தைய தவறுகளைச் சூட்டால் சரிசெய்ய முடியாது. ஃபார்மலின் திசுவுக்குள் மெதுவாக, மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் ஊறும். முழு மார்பகத்தை வெட்டியெடுத்து, கீறாமல் ஒரு வாளியில் போட்டு மூடினால், நடுவில் இருக்கும் கட்டிக்கு ஃபார்மலின் போய்ச்சேர்வதற்குள் புரதங்கள் சிதையத் தொடங்கியிருக்கும். அதனால்தான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் நோயியலாளர்கள் கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி விதிகள் இவ்வளவு குறிப்பாக இருக்கின்றன. உடலிலிருந்து வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் இருக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் கீறிவிட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் ஊற வேண்டும். ஃபார்மலின் பத்து சதவீதம், அமிலத்தன்மை சமன்செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

இந்த விதிகளை நம் ஊர் நடைமுறையோடு வைத்துப் பாருங்கள். சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் சனிக்கிழமை மாலை அறுவை சிகிச்சை முடிகிறது. திசு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விழுகிறது. ஞாயிறு போய், திங்கட்கிழமை அதைக் கூரியரிலோ, நோயாளியின் மகன் கையிலோ பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் சாயமேற்றும் கருவி உலகத்தரத்தில் இருக்கலாம். டப்பாவுக்குள் கட்டியின் நடுப்பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

தவறைப் பிடிக்க ஒரு எளிய வழி ஸ்லைடிலேயே இருக்கிறது. புற்றுக்கட்டியை ஒட்டி, நோயில்லாத பால் நாளங்கள் சில பெரும்பாலும் இருக்கும். அவற்றின் செல்களில் சிலவாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குப் பழுப்பாக வேண்டும். கட்டியும் நீலம், பக்கத்து நாளமும் முழு நீலம் என்றால், அந்த ஸ்லைடு எதையும் நிரூபிக்கவில்லை. அங்கே ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது, திரும்பச் செய்ய வேண்டும். ‘நெகட்டிவ்’ என்று வந்த அறிக்கையில் பக்கத்துத் திசு எப்படிச் சாயமேறியது என்று ஒரு வரி இருக்கிறதா என்பது, நோயாளியின் வீட்டார்கூடக் கேட்கக்கூடிய கேள்வி. வெறும் ஒரு சதவீத உட்கருக்கள் பழுப்பானாலே ‘பாசிட்டிவ்’ என்று கொள்ளும் விதி இன்று இருக்கிறது. மிகக் குறைவாக ஏற்பி உள்ளவர்களும் ஹார்மோன் சிகிச்சையில் பயன் பெற்றதைப் பழைய தரவுகள் காட்டியதால் வந்த விதி அது. ‘பூஜ்யம்’ என்று எழுதுவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தியாவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 மூன்றும் இல்லாத ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ வகை, மேலை நாடுகளைவிட அதிகமாகப் பதிவாகிறது. அங்கே 10 முதல் 15 சதவீதம் என்றால், இங்கே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 30 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இங்கே நோயாளிகளின் வயது குறைவு என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். ஆனால் அந்த 30 சதவீதத்தில் ஒரு பகுதி ஃபார்மலின் தவறால் உண்டான பொய்யான ‘இல்லை’யாக இருக்கலாம் என்று இந்திய நோயியலாளர்களே எழுதியிருக்கிறார்கள். 2022-ல் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது என்பது உலகப் புற்றுநோய்ப் பதிவின் மதிப்பீடு. அத்தனை பேரில் நூற்றுக்குச் சில பேருடைய ‘இல்லை’ பொய்யாக இருந்தாலும், சில ரூபாய் மாத்திரையை இழப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

புதிய குறிப்பான்கள் பக்கம் வருவோம். மருத்துவ இதழ்களில் நோயின் போக்கைச் சொல்லும் குறிப்பான் என்று அறிவிக்கப்பட்டவை ஏராளம். மருத்துவமனைக்குள் நுழைந்து நிலைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இதற்கான காரணத்தை டக்ளஸ் ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும் 1994-ல் காட்டினார்கள். ஒரு புரதத்தின் அளவு எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து என்ற எல்லைக்கோட்டை, கையில் இருக்கும் தரவைப் பார்த்தே இழுத்தால், தற்செயலான வேறுபாடும் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றும். ஐந்து சதவீதமாக இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு வாய்ப்பு 40 சதவீதம்வரை ஏறிவிடும். செல் பிரிதலின் ஒரு கட்டத்தை அளக்கும் ஒரே அளவைக்கு, வெவ்வேறு கட்டுரைகளில் 19 வெவ்வேறு எல்லைக்கோடுகள் இருந்ததை அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். குறிப்பான் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்ற ‘ரிமார்க்’ விதிகள் 2005-ல் வந்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

இன்றும் வாழும் உதாரணம் கி-67. ஜெர்மனியின் கீல் நகரில் 1983-ல் யோஹன்னஸ் கெர்டெஸ் குழு கண்ட எதிர்ப்புரதம் அது. பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் உட்கருவை மட்டும் பழுப்பாக்கும். வேகமாக வளரும் கட்டியை அடையாளம் காண இதைவிட நேரான வழி ஏது என்று தோன்றும். சிக்கல் எண்ணுவதில் இருக்கிறது. எல்லைக்கோடு 2011-ல் 14 சதவீதம், 2013-ல் 20 சதவீதம் என்று செயின்ட் கேலன் மார்பகப் புற்றுநோய் மாநாட்டு நிபுணர்களே மாற்றினார்கள். ஒரே ஸ்லைடுகளை எட்டு அனுபவமுள்ள ஆய்வகங்களிடம் கொடுத்தபோது, சிலவற்றின் சராசரி பத்துக்கும் கீழே, சிலவற்றுடையது இருபதுக்கும் மேலே வந்தது. 5 சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் அமைதியான கட்டி, 30-ம் அதற்கு மேலும் என்றால் வேகமான கட்டி, நடுவில் வருவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று 2021-ல் பன்னாட்டுக் குழு சொன்னது. நம் ஊர் அறிக்கைகளில் ‘கி-67: 18 சதவீதம்’ என்று பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்கும் குடும்பங்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

ஒரு புரதத்தை மட்டும் எண்ணுவதற்குப் பதிலாகப் பல மரபணுக்களின் செயல்பாட்டைச் சேர்த்து அளக்கலாம் என்ற எண்ணம், 2000-ல் சார்ல்ஸ் பெரூவும் உடன் பணியாற்றியவர்களும் மார்பகக் கட்டிகளை மரபணுச் செயல்பாட்டின்படி வகைபிரித்ததிலிருந்து வலுப்பெற்றது. நெதர்லாந்தின் 70 மரபணுச் சோதனையும், அமெரிக்காவின் 21 மரபணுச் சோதனையான ஆன்கோடைப்பும் அப்படி வந்தவை. ஆன்கோடைப் வைத்து நடந்த டெய்லர்எக்ஸ் ஆய்வில் 10,273 பெண்கள் சேர்ந்தார்கள். ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத, அக்குள் நிணநீர் முடிச்சுக்குப் பரவாத நோய் அவர்களுக்கு. மதிப்பெண் 11 முதல் 25 வரை வந்த பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும், மறுபாதிக்குக் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: கீமோ சேர்த்ததால் மொத்தத்தில் கூடுதல் பயன் இல்லை. ஐம்பது வயதும் அதற்குக் கீழுமான பெண்களில், மதிப்பெண் 16-ம் அதற்கு மேலும் வந்தவர்களுக்கு மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. முடி கொட்டி, வாந்தியெடுத்து, வேலையிழந்து பெண்கள் பட்ட பாட்டில் எவ்வளவு தேவையற்றது என்பதை ஒரு குறிப்பான் சொல்லிவிட்டது. என் மதிப்பில் இந்தத் துறையின் ஆகப் பெரிய சாதனை இதுதான்.

ஆனால் அந்தச் சோதனையின் விலை நம் நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது. இங்கேதான் 2011-ல் ஜாக் கியூசிக் குழுவினர் காட்டிய ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2, கி-67 என்ற நான்கு சாதாரணச் சாயங்களை ஒரு சூத்திரத்தில் சேர்த்தால், நோயின் போக்கைப் பற்றி 21 மரபணுச் சோதனைக்கு ஒப்பான தகவல் கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான், அந்த நான்கும் உயர்ந்த தரத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். பெங்களூரின் ஆன்கோஸ்டெம் நிறுவனமும் இதே திசையில், ஐந்து புரதங்களின் சாயத்தோடு கட்டியின் அளவு, தரம், நிணநீர் முடிச்சு விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் சோதனையை உருவாக்கியிருக்கிறது.

மார்பகத்துக்கு வெளியே, குறிப்பான் கண்ணையே மறுத்துப் பேசிய இடம் கருப்பை உட்படலப் புற்றுநோய். நூறாண்டுக்கு மேலாக இதன் போக்கை நுண்ணோக்கியில் தெரியும் தோற்றத்தை வைத்தே சொன்னார்கள். 2013-ல் அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் இதை நான்கு வகைகளாகப் பிரித்தது. அதில் ஒரு வகையில் டிஎன்ஏவைப் படியெடுக்கும் ‘போல்-ஈ’ என்ற நொதியின் பிழைதிருத்தும் பகுதி பழுதாகி, கட்டியில் மரபணுப் பிறழ்வுகள் குவிந்திருக்கும். நுண்ணோக்கியில் இது பெரும்பாலும் பயமுறுத்தும் உருவத்தில்தான் தெரியும்: கோணலான பெரிய உட்கருக்கள், ஒழுங்கற்ற அடுக்குகள், மிக மோசமான தரம். சுற்றிலும் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடக்கும். அவ்வளவு பிறழ்வுகள் உள்ள செல்லை உடலின் எதிர்ப்பாற்றல் எளிதில் அடையாளம் கண்டுவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

அபாயம் கூடிய கருப்பைப் புற்றுநோய்க்கு நடந்த போர்டெக்-3 ஆய்வின் திசுக்களை 2020-ல் இப்படி வகைபிரித்துப் பார்த்தார்கள். போல்-ஈ வகைப் பெண்களில் 98 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தார்கள். பி53 புரதம் பிறழ்ந்த வகையில் அது 48 சதவீதம் மட்டுமே. அந்த வகையிலும் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 36 சதவீதம், கீமோவும் சேர்ந்தவர்களில் 59 சதவீதம். பழைய கண்ணோட்டத்தில் இவர்கள் எல்லோரும் ஒரே ‘அதிக அபாய’க் கூட்டம். குறிப்பான் ஒரு பகுதியினரைக் கடும் சிகிச்சையிலிருந்து விடுவிக்கலாம் என்கிறது, இன்னொரு பகுதியினருக்குக் கீமோவை விட்டுவிடாதே என்கிறது. இது முடிந்துபோன ஆய்வின் திசுக்களைத் திரும்பப் பார்த்துப் பெற்ற முடிவு என்பதால், முன்னோக்கிய ஆய்வுகள் இதை இப்போது உரசிப் பார்க்கின்றன. ஆனாலும் 2023-ல் வந்த பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் நிலை வகைப்பாட்டில் போல்-ஈயும் பி53-ம் இடம்பெற்றுவிட்டன.

பி53-ஐச் சாயமேற்றிப் பார்ப்பது மலிவானது. அதில் ஒரு நுட்பம் உண்டு. இயல்பான செல்களில் சாயம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கூடியும் குறைந்தும் ஏறும். பிறழ்ந்த கட்டியில் எல்லா உட்கருக்களும் அழுத்தமாகப் பழுப்பாகும், அல்லது ஒன்றுகூட ஆகாது. அந்த ‘ஒன்றுகூட ஆகாது’ என்பதை நம்ப வேண்டுமானால், பக்கத்து இணைப்புத் திசுவின் செல்கள் சாயமேறியிருக்க வேண்டும். மறுபடியும் அதே பாடம், பக்கத்தில் நிற்கும் நோயில்லாத செல்லே சாட்சி.

கருப்பைக் கட்டியில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு டிஎன்ஏ பழுதுநீக்கப் புரதங்களையும் பார்க்கிறார்கள். அவற்றில் ஏதேனும் காணாமல் போயிருந்தால், சிலருக்கு அது லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் குறையின் அடையாளம். அம்மாவின் கருப்பைத் திசு, மகனுக்கும் மகளுக்கும் பெருங்குடல் புற்றுநோய் வரும் அபாயத்தை முன்கூட்டிச் சொல்லிவிடும். சூலகப் புற்றுநோயில் பிஆர்சிஏ மரபணுக்கள் இப்படி இரட்டை வேலை செய்கின்றன. ஒலாபரிப் போன்ற மருந்து கேட்குமா என்பதையும், தங்கைக்கும் மகளுக்கும் சோதனை வேண்டுமா என்பதையும் அவை சொல்கின்றன.

இவ்வளவையும் நம் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவர முதலில் பெரிய கருவிகள் தேவையில்லை. அறுவை அரங்கில் திசு உடலைவிட்டு வெளியே வந்த நேரம், ஃபார்மலினில் விழுந்த நேரம் இரண்டையும் விண்ணப்பப் படிவத்தில் எழுத வேண்டும். பெரிய திசுவை அங்கேயே கீறிவிட வேண்டும். ஊசியால் எடுக்கும் பயாப்ஸித் துணுக்கு மெல்லியது, ஃபார்மலின் விரைவில் ஊறிவிடும். அதனால் ஏற்பிச் சோதனைகளை முடிந்தவரை அந்தத் துணுக்கிலேயே செய்ய வேண்டும். ஆண்டுதோறும் வெளியிலிருந்து வரும் ஒரே மாதிரி ஸ்லைடுகளைச் சாயமேற்றித் திருப்பி அனுப்பி, தன் தரத்தைத் தானே தெரிந்துகொள்ளும் வெளித் தரச்சோதனையில் ஒவ்வொரு ஆய்வகமும் சேர வேண்டும். நியூஃபவுண்ட்லாந்தில் எட்டு ஆண்டு நீடித்த தவறு, அப்படி ஓர் ஒப்பீடு இருந்திருந்தால் முன்னதாகவே வெளிப்பட்டிருக்கலாம்.

எல்லைக்கோடுகள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஹெர்-2 சாயத்தில் 1 மதிப்பெண் வாங்கியவையும், 2 வாங்கி மரபணுச் சோதனையில் பெருக்கம் காட்டாதவையும் இருபது ஆண்டுகளாக ‘நெகட்டிவ்’ பட்டியலில் கிடந்தன. 2022-ல் டெஸ்டினி-பிரெஸ்ட்04 ஆய்வு, நோய் பரவிய அத்தகைய பெண்களுக்கு டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற புதிய மருந்து, வழக்கமான கீமோவைவிட நீண்ட ஆயுள் தந்ததைக் காட்டியது. ஆயுளின் இடைநிலை அளவு 16.8 மாதங்களிலிருந்து 23.4 மாதங்களாக உயர்ந்தது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே முன்பு யாரும் கவனமாகப் பார்க்காத வேறுபாடு, அந்த மருந்து உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கியது. அதனால் பழைய ஸ்லைடுகளை மறுபடி பார்க்க வேண்டிய தேவை வருகிறது. வீட்டில் கோப்பு கட்டி வைத்திருக்கும் அறிக்கைகளோடு, மெழுகுக் கட்டி எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நோய் திரும்பினால் மருத்துவர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கும்.